என்பு கொண்டு சரித்திரம் கண்ட சேனாபதி

உண்டு எறிந்த எலும்பினும் மதிப்பற்ற பொருள் உலகத்தில் வேறொன்று உண்டோ? உண்டவன் அதனை வீசுகிறான், நாய் கவ்விச் செல்கிறது, மண் மூடுகிறது, அத்துடன் அதன் கதை முடிந்தது என்று நாம் அனைவரும் எண்ணுகிறோம். அரசர் வெட்டுவித்த கல்லெழுத்தும், அவர் வெளியிட்ட பொற்காசும், அவர் எடுப்பித்த மாளிகையுமே சரித்திரத்திற்குச் சான்று என்பது நெடுங்காலமாக வழங்கி வந்த கொள்கை. ஆயினும் கல்லில் தம் பெயர் பொறிக்கப்பெறாது, உழுதும் ஆடு மேய்த்தும் வாழ்ந்து மடிந்த எளிய மக்களுக்குச் சரித்திரம் இல்லையோ? அவர்கள் உண்டு எறிந்த எலும்பே அவர்களுடைய சாசனம் என்று கண்டு, அதனைக் குனிந்து எடுத்து, அளந்து, எழுதிவைத்த ஒரு பெரியாருடைய வாழ்க்கையை இக்கட்டுரையில் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம். அவர் ஆசிரியருமல்லர், வைத்தியருமல்லர், ஆங்கில அரசாங்கத்துப் படைத்தலைவர். பிட் ரிவர்ஸ் என்பது அவர் பெயர்.

இளமையும் படைத்தொழிலும்

1827-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் தேதி, இங்கிலாந்தின் வடபாலுள்ள யார்க்ஷயரில் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அகஸ்டஸ் ஹென்றி லேன் பாக்ஸ். தந்தையார் நிலவுடைமைக் குடும்பத்தினர். தாயார் ஸ்காத்லாந்து தேசத்து மார்ட்டன் பிரபுவின் உடன்பிறந்தாள். செல்வக் குடியிற் பிறந்தும் குடும்பச் சொத்தில் தலைமைப் பங்கிற்கு உரியவரல்லர் ஆதலின், அக்காலத்து இளைய புதல்வர் பலரையும் போலப் படைத்தொழிலையே நாடினார். சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் சில மாதங்களே பயின்றார். 1845-ஆம் ஆண்டு கிரெனேடியர் காவற்படையில் அதிகாரியாக அமர்ந்தார். பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணாக்கராக அவர் மிதித்ததில்லை என்பதை நம் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

அக்காலத்தில் ஆங்கிலப் படையினர் உட்புறம் வழவழப்பான குழலையுடைய பழைய துப்பாக்கியை விடுத்து, உள்ளே திருகு வரிகள் வெட்டப்பட்ட புதிய துப்பாக்கியை ஏற்கலாமா என்று ஆராய்ந்து வந்தனர். புதிய கருவிகளைச் சோதிப்பதிலும், அவற்றைக் கையாளும் முறையைப் படைவீரர்க்குக் கற்பிப்பதிலும் இவர் ஈடுபட்டார். ஹைத் என்னும் ஊரில் அமைந்த துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் தொடக்கத்திலும், மால்ட்டாத் தீவிலும் இவர் உழைத்தார். 1853-ஆம் ஆண்டு ஸ்டான்லி பிரபுவின் மகளாராகிய ஆலிஸ் அம்மையாரை மணந்தார். மறு ஆண்டு பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. அல்மா ஆற்றங்கரையில் 1854-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி நடந்த பெரும்போரில் கலந்துகொண்டார். உடல்நலம் குன்றியமையால் விரைவில் தாயகம் திரும்ப நேர்ந்தது.

துப்பாக்கியைச் சோதித்த அவ்வேலையே இவரைப் பழம்பொருளாராய்ச்சிக்குக் கொணர்ந்தது என்றால் வியப்பாகத் தோன்றும். ஒரு கருவி திடீரென்று முழுமை பெற்று எழுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மிகச் சிறிய மாற்றங்கள் சேர்ந்தே அது உருப்பெறுகிறது என்பதைத் தம் கைப்பழக்கத்தால் அவர் உணர்ந்தார். துப்பாக்கிக்கு உள்ள இவ்வியல்பு ஈட்டிக்கும், வில்லுக்கும், ஓடத்திற்கும், பானைக்கும் உண்டன்றோ என்று எண்ணினார். எண்ணியவர் உலகத்தின் பல பாகங்களினின்றும் அத்தகைய பொருள்களைத் திரட்டத் தொடங்கினார். வியக்கத்தக்க அரும்பொருள்களை மட்டும் திரட்டுவது அக்காலச் செல்வர் வழக்கம். இவரோ சாதாரணப் பொருள்களையே நாடி, வடிவ முறைப்படி வரிசையாக அடுக்கினார். சில ஆண்டுகளில் அவர் வீடு கொள்ளாத அளவிற்குப் பொருள்கள் பெருகிவிட்டன.

இருபது வண்டி எலும்புகள்

1862-ஆம் ஆண்டு முதல் சில காலம் இவர் அயர்லாந்து தேசத்துக் கார்க் நகரில் அலுவல் பார்த்தார். பழங்காலத்து மண்கோட்டைகளை உழவர் நிலத்திற்காகச் சமமாக்கிவருவதைக் கண்டு வருந்தினார். அழிவதற்கு முன் அளந்து எழுதிவிட வேண்டும் என்ற விரைவு அப்பொழுதே அவருள்ளத்தில் வேரூன்றியது.

1866-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டன் பத்திரிகையொன்றில் ஒரு சிறு செய்தி வெளிவந்தது. இலண்டன் மாநகரின் பழைய மதிலருகே கம்பளிக் கிடங்கொன்று கட்டுவதற்கு அடிவாரம் தோண்டியபோது, இருபது வண்டிப் பாரத்திற்கு மேற்பட்ட எலும்புகள் வெளிப்பட்டன என்பதே அச்செய்தி. அன்று பத்திரிகை படித்தோர் பலராயிரவர். அவருள் பெரும்பாலோர் அதனைப் படித்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பர். லேன் பாக்ஸ் துரையோ அவ்விடத்திற்கே சென்றார். ஒருமுறை அன்று, வேலை நடந்த நாளெல்லாம் அடுத்தடுத்துச் சென்றார். ஆழத்தில் கரிய சேற்று மண்ணும், அதனுள் நாட்டிய மரத்தூண்களும், உரோமர் காலத்து மட்பாண்டச் சில்லுகளும், அவற்றுடன் கலந்து விலங்கெலும்புகளும் கிடந்தன. எப்பொருள் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மறு ஆண்டு அதனைக் கட்டுரையாக வெளியிட்டார்.

எனினும் அவர் மனம் நிறைவு பெறவில்லை. வேலையாட்கள் வெட்டிய குழி அவருடையதன்று. அவர் வருவதற்குள் வண்டி வண்டியாகச் சென்ற எலும்புகள் மீளப்போவதுமில்லை. அவை எவ்விலங்கின் எலும்புகள், எத்தனை, எவ்வளவு பெரியவை என்று எவராலும் இனிக் கூற இயலாது. ஒரு நூலகத்தைத் தீக்கு இரையாக்கி, எஞ்சிய இரண்டொரு ஏடுகளைக் கையிற் கொண்டவன் நிலையே அவருடைய நிலை. பிற்காலத்தில் தமக்கென நிலமும் பொருளும் வாய்த்தபோது, ஒரு சிறு எலும்பையும் குறிப்பெழுதாது விடலாகாது என்று அவர் காட்டிய கண்டிப்பிற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் என நாம் கருதுகிறோம்.

இக்காலத்தில் அவருக்கு உற்ற துணைவராயிருந்தவர்களுள் ஒருவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் உடற்கூற்று நூல் ஆசிரியராக விளங்கிய ஜார்ஜ் ராலஸ்டன். மண்ணிலிருந்து எடுத்த எலும்பை எங்ஙனம் நோக்க வேண்டும் என்பதை அவரிடமிருந்து நம் சேனாபதி கற்றார். ராலஸ்டன் 1881-ஆம் ஆண்டு காலஞ்சென்றமை இவருக்குப் பேரிழப்பாயிற்று.

எதிர்பாராத செல்வம்

1880-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பெரிய மாறுதல் ஒன்று நேர்ந்தது. ரிவர்ஸ் பிரபுவின் குடும்பத்தில் உரிமையாளர் ஒருவர்பின் ஒருவராக மகப்பேறின்றி மறைய, அப்பெருஞ்சொத்து இவரை வந்தடைந்தது. தென்னிங்கிலாந்தில் வில்ட்ஷயர், டார்ஸெட் என்னும் மாகாணங்களின் எல்லையில், க்ரான்போர்ன் சேஸ் என வழங்கும் சுண்ண மேட்டு நிலத்தில் 25,000 ஏக்கருக்கு மேற்பட்ட பூமி. ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 பவுன் வருவாய். சொத்தின் நிபந்தனைப்படி பிட் ரிவர்ஸ் என்னும் பெயரை அவர் ஏற்றுக்கொண்டார். 1882-ஆம் ஆண்டு லெப்டினென்ட் ஜெனரல் பட்டத்துடன் படையினின்று ஓய்வு பெற்று, ரஷ்மோர் என்னும் மாளிகையில் குடியேறினார். அப்பொழுது அவருக்கு வயது 55; நீரிழிவு நோயும் மார்புச்சளியும் அவரைப் பற்றியிருந்தன.

இத்தகைய செல்வம் கிடைத்த மற்றொருவர் குதிரைப் பந்தயத்திலும் வேட்டையிலும் காலங்கழித்திருப்பார். அவ்வேட்டைக் காட்டிலே இவர் தேடியதோ, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஆட்டையும் மாட்டையும். அவ்வளவு காலம் பழையனவும் அதனினும் பழையனவுமாகிய குடியிருப்புக்கள் அவர் நிலத்தில் மேய்ச்சல் தரைக்கு அடியில் உறங்கிக் கிடந்தன. உரோமர் கி.பி. 43-ஆம் ஆண்டு பிரிட்டன் தீவைப் பிடித்து, ஏறக்குறைய 410-ஆம் ஆண்டுவரை ஆண்டனர். அவ்வாட்சியில் நகரங்களில் வாழ்ந்த செல்வரைப் பற்றி நூல்கள் கூறும். மேட்டு நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்த பிரிட்டானிய உழவரைப்பற்றி ஒரு நூலும் கூறாது. அவர்தம் ஊரை முழுதும் அகழ்ந்து காண்பதென இவர் துணிந்தார்.

உட்கட்ஸ் என்னுமிடத்தில் 1884-ஆம் ஆண்டு தொடங்கி 1886 வரையிலும், ராதர்லியில் 1885 முதல் 1887 வரையிலும், பொக்கர்லி மண்கரையிலும் அதனை அடுத்த உட்யேட்ஸ் ஊரிலும் 1888 முதல் 1890 வரையிலும் அகழ்வு நடைபெற்றது. உட்கட்ஸில் அவ்வூரார் குடிநீருக்காகச் சுண்ணப் பாறையில் வெட்டிய கிணறொன்று 188 அடி ஆழமுடையதாக இருந்தது. அதன் அடிவரையிலும் அவர் வெறுமையாக்கிப் பார்த்தார். குழிகளையும் வாய்க்கால்களையும் ஒன்றுவிடாது திறந்தார்.

அகழ்ந்த முறை

அக்காலத்துப் பழம்பொருள் அன்பர் பலர் மேட்டின் நடுவே ஒரு குழி வெட்டுவர். அழகிய கலமோ அணியோ கிடைத்தால் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை எறிந்துவிட்டு வீடு திரும்புவர். இவர் முறை அதற்கு நேர்மாறானது. தாமாவது தம் உதவியாளராவது அருகில் இல்லாமல் ஒரு மண்வெட்டியும் விழ அவர் ஒப்பார். ஒவ்வொரு பொருளும் எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில், எவற்றுடன் கிடைத்தது என்று அட்டவணை எழுதப்பட்டது. ஊரின் அமைப்பு மரத்தினால் சிறு மாதிரியாகச் செய்து வைக்கப்பட்டது. அவருடைய உதவியாளராய்ப் பயின்ற இளைஞருள் ஹெரால்டு செயின்ட் ஜார்ஜ் கிரே, ஹெர்பெர்ட் டாம்ஸ் முதலியோர் பிற்காலத்தில் தாமே பெயர்பெற்ற ஆராய்ச்சியாளராயினர்.

அருமையான பொருளினும் சாதாரணப் பொருளே ஆராய்ச்சிக்கு மிகுந்த பயனுடையது என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஒரு பொற்காப்பு ஒருவருடைய செல்வத்தை மட்டுமே காட்டும். ஆயிரம் பானையோடுகள் ஓர் ஊருடைய வாழ்வையே காட்டும். மேலும், அகழ்வோன் தனக்கு அன்று முக்கியமாகத் தோன்றுவதை மட்டும் குறித்தால், நாளை எழும் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய சான்றுகளை அவனே அழித்தவனாவான். ஒருமுறை அகழ்ந்த நிலத்தை மீண்டும் அகழ இயலாது. ஆதலின் தமக்குப் பொருள் விளங்காதவற்றையும் எழுதி வைத்தார்.

எலும்பும் அளவுகோலும்

இனி நாம் சிறப்பாகக் கூற எடுத்துக்கொண்ட செய்திக்கு வருவோம். அவ்வூர்களின் குழிகளிலும் வாய்க்கால்களிலும் மாடு, ஆடு, குதிரை, பன்றி, நாய் இவற்றின் எலும்புகள் மிகுதியாகக் கிடைத்தன. இவை மாட்டெலும்பு, இவை ஆட்டெலும்பு என்று பெயர் கூறிவிட்டு அமைதியடைவது அந்நாளைய வழக்கம். அம்மாடு எவ்வளவு உயரம்? அவ்வாடு எவ்வினத்தைச் சார்ந்தது? இக்கேள்விகளுக்கு விடை காண ஒரு வழியும் வகுக்கப்படவில்லை.

சேனாபதி கண்ட வழி எளிது. ஆயினும் மிக்க பொருட்செலவும் பொறுமையும் வேண்டியது. தம் காலத்தில் உயிரோடிருந்த பல இனத்து விலங்குகளை அவர் வருவித்தார். ஒவ்வொன்றும் நிற்கும் நிலையில் தோள்வரை எவ்வளவு உயரம் என்று முதலில் அளந்தார். பின்னர் அதனைக் கொல்வித்து, எலும்புகளைத் துப்புரவு செய்து, கால்களிலுள்ள நீண்ட எலும்புகளின் நீளத்தை அளந்தார். உயிருள்ளபோது இருந்த உயரத்திற்கும் எலும்பின் நீளத்திற்கும் உள்ள விகிதம் இவ்வாறு கிடைத்தது. அவ்விகிதத்தைக்கொண்டு மண்ணிலிருந்து எடுத்த எலும்புக்குரிய விலங்கின் உயரத்தைக் கணக்கிட்டார். இவ்விலங்குகளைச் சோதனை விலங்குகள் என அவர் குறிப்பிட்டார். அவற்றின் அளவுகளையும், அகழ்ந்தெடுத்த எலும்புகளின் அளவுகளையும் ஒப்பிட்டு அட்டவணையாக அச்சிட்டார்.

மாணவர்க்கு விளங்கும் பொருட்டு ஓர் உதாரணம் கூறுவோம். உயிரோடு நின்றபோது 25 அங்குலம் உயரமுள்ள ஓர் ஆட்டின் முன்னங்காலில், குளம்பு விரல்களுக்கு மேலுள்ள நீண்ட எலும்பு 5 அங்குலம் இருந்ததெனக் கொள்வோம். உயரம் எலும்பின் ஐந்து மடங்கு. மண்ணினுள் கிடைத்த அதே வகை எலும்பு நாலரை அங்குலமானால், அவ்வாடு இருபத்திரண்டரை அங்குலம் உயரமுடையது என்று மதிப்பிடலாம். இக்கணக்குப் பள்ளிச் சிறுவனுக்கும் எட்டும். ஆனால் அதில் இடையூறுகள் இல்லாமலில்லை. இளங்கன்றின் எலும்பு வளர்ச்சி முற்றாதது. அதன் முனைகள் நடுத்தண்டுடன் இன்னும் ஒட்டியிரா. அதனை முதிர்ந்த விலங்கின் எலும்போடு ஒப்பிடலாகாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டு. ஓரினம் நெடுங்காலுடையது; மற்றோரினம் குறுங்காலுடையது. இது கருதியே ஒரே விலங்கோடு நில்லாமல் பல இனங்களைத் தேடிக் கொணர்ந்தார். ஸ்காத்லாந்துக்கு மேற்கேயுள்ள செயின்ட் கில்டாத் தீவின் சிற்றாடுகளும், அயர்லாந்தின் கெர்ரி மாடுகளும் அவற்றுள் அடங்கும்.

கண்ட முடிவு யாது? அவ்வூரார் வளர்த்த ஆடு, மெல்லிய நீண்ட கால்களையுடைய சிற்றுருவினது. செயின்ட் கில்டா ஆட்டை ஒத்தது. மாடு, கெர்ரி மாட்டைப் போன்ற சிறிய இனம். குதிரை, மட்டக் குதிரையளவே. உழைத்து உண்ட எளிய மக்கள் தம் நிலத்திற்கும் புல்லுக்கும் ஏற்ற சிறு கால்நடைகளைப் பேணி வாழ்ந்த காட்சி நம் கண்முன் எழுகிறது. மேலும், பல பொருள்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, ராதர்லி ஊரார் உட்கட்ஸ் ஊராரினும் வறியவர் எனவும் அவர் தெளிந்தார். பெயரும் ஊரும் மறக்கப்பட்ட இரு சிற்றூர்களுள் எது வறுமையுற்றது என்று பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின் கூறுவது சிறு செயலோ?

இறந்தவற்றோடு அவர் நிற்கவில்லை. ரஷ்மோர் பூங்காவில் திபேத்து நாட்டுக் கவரிமாவும், தென்னமெரிக்க லாமாவும் முதலான பல தேசத்து விலங்குகளை வளர்த்து, கலப்பினங்களையும் உண்டாக்கிப் பார்த்தார். உருவம் எங்ஙனம் மாறுகிறது என்பதே கருவியிலும் விலங்கிலும் அவர் ஓயாது தொடர்ந்த ஒரே வினா.

பொக்கர்லி மண்கரையிலும் இம்முறையின் வலிமை வெளிப்பட்டது. அந்நெடிய கரை உரோமருக்கு முற்பட்டது என்று கற்றோர் பலர் நம்பியிருந்தனர். அவர் வெட்டிய இடத்திலோ கரையினடியிலேயே உரோமர் காலத்துக் காசுகள் கிடைத்தன. ஒரு மண்மேட்டின் அடியில் கிடக்கும் காசு அம்மேட்டிற்கு முந்தியதாகத்தானே இருத்தல் வேண்டும்? ஆகவே அப்பகுதி உரோமர் ஆட்சியின் கடைக்காலத்துக்கு முற்பட்டதன்று என நிறுவினார். அக்கரையின் வேறு பகுதிகள் அதனினும் மிகப் பழையன என்று பின்வந்தோர் கண்டுள்ளனர். அதனால் அவர் எழுதிவைத்த சான்றின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

நூல்களும் பொதுப்பணியும்

க்ரான்போர்ன் சேஸ் அகழ்வுகளைப்பற்றிய நான்கு பெருநூல்களை 1887, 1888, 1892, 1898 ஆகிய ஆண்டுகளில் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அவற்றை விலைக்கு விடாது அறிஞர்க்கும் நூல்நிலையங்களுக்கும் வழங்கினார். நீலநிற அட்டையிட்ட அந்நூல்களைப் புரட்டுவோர் கதைச்சுவையை எதிர்பார்க்கலாகாது. பக்கம் பக்கமாகப் படங்களும் அட்டவணைகளும் எண்களுமே நிரம்பியிருக்கும். ஆனால் அவ்வெண்களே அவருடைய கொடை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, 1947-ஆம் ஆண்டில், ஹாக்ஸ் என்னும் அறிஞர் ஒரு மண்வெட்டியும் எடாமல், அந்நூல்களிலுள்ள குறிப்புக்களைக் கொண்டே உட்கட்ஸ், ராதர்லி ஊர்களின் வரலாற்றை மறுபடியும் ஆராய்ந்து, காலப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். ஆசிரியருடைய முடிவை மாற்றுவதற்கு வேண்டிய சான்றையும் ஆசிரியரே தந்திருந்தார். நேர்மைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் யாது?

1882-ஆம் ஆண்டு பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியபொழுது, முதற் கண்காணிப்பாளராக இவரே நியமனம் பெற்றார். அச்சட்டம் உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் வலிமையற்றது. அவர்கள் இசைந்தால் மட்டுமே சின்னம் அரசாங்கத்தின் காவலில் வரும். இவர் ஊர் ஊராகச் சென்று வேண்டினார். இசைந்தோர் சிலர், மறுத்தோர் பலர். பிற்காலத்தில் ஊதியமும் வேண்டாமென்று விடுத்து, இறக்கும்வரை அப்பதவியை வகித்தார். அவருக்குப்பின் 1910-ஆம் ஆண்டுவரை அப்பதவி நிரப்பப்படாமலே கிடந்தது.

தாம் திரட்டிய இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை 1884-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்கு வழங்கினார். அவர் பெயர் தாங்கிய பொருட்காட்சிச்சாலை இன்றும் அங்கே விளங்குகிறது. இதுவன்றி, பார்ன்ஹாம் என்னும் சிற்றூரில் கிராம மக்களுக்கென்றே மற்றொரு காட்சிச்சாலை நிறுவினார். உழவர் ஓய்வுநாளில் வந்து காண்பதற்காக அதனை அடுத்துள்ள லார்மர் தோட்டத்தில் வாத்திய இசைக்கும் சிற்றுண்டிக்கும் வசதிகள் செய்தார். நாட்டுப்புறத்தில் யார் வருவர் என்று எண்ணியோர் நாணும்படி ஆண்டுதோறும் ஆயிரமாயிரமாக மக்கள் வந்தனர்.

குணமும் குறையும்

பெரியாரைப் புகழ்வோர் அவர்தம் குறைகளை மறைத்தல் வழக்கம். தம் குழியில் கண்ட எதனையும் மறையாத ஒருவரைப்பற்றி எழுதும்போது நாம் அங்ஙனம் செய்தல் தகாது. இவர் மிக்க சினமுடையவர். குடும்பத்தாரிடம் கடுமையாக நடந்தார். மக்கள் அவரை அஞ்சினர். உதவியாளர் பலர் நெடுநாள் தங்கவில்லை. மண்ணில் கிடந்த நாயின் எலும்பிற்குக் காட்டிய பொறுமையில் ஒரு பங்கை உடன் வாழ்ந்தார்க்குக் காட்டியிருப்பாராயின், அவர் இல்லத்தில் இன்பம் பெருகியிருக்கும்.

கொள்கையிலும் குறை உண்டு. பொருள்களை எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தியது போலவே, உலக மக்களையும் தாழ்ந்தோர் உயர்ந்தோர் என்று ஒரே ஏணியில் நிறுத்தலாம் என அவர் கருதினார். மாறுதல் யாவும் மெல்லவே நிகழும் என்பதைக் காட்சிச்சாலையில் கண்டால் பாமர மக்கள் புரட்சியை நாடார் என்றும் நம்பினார். இவற்றை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை, நாமும் ஏற்கவில்லை. எனினும் அவர் கொள்கை மறைந்தபின்னும் அவர் எடுத்த அளவுகள் நிற்கின்றன என்பதை இங்கே உணர்தல் வேண்டும்.

1900-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி ரஷ்மோர் மாளிகையில் அவர் காலஞ்சென்றார். இறந்தாரைப் புதைத்தலே அந்நாட்டில் பெருவழக்காயிருந்தும், அவர் உடல் தகனம் செய்யப்பட்டது. பிறருடைய எலும்புகளை அவ்வளவு ஆராய்ந்தவர் தம் எலும்பை எவர்க்கும் விட்டுச் செல்லவில்லை. சாம்பல் டொல்லர்டு ராயல் என்னும் ஊரின் ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பின்வந்த பயன்

அவர் தொடங்கிய எலும்பாராய்ச்சி இன்று தனிச் சாஸ்திரமாக வளர்ந்துள்ளது. எலும்பின் நீளத்தை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி விலங்கின் உயரத்தைக் காணும் முறை இன்றும் கையாளப்படுகிறது. பல்லின் தேய்வையும், எலும்பு முனை ஒட்டிய நிலையையும் நோக்கி அவ்விலங்கு எவ்வயதில் கொல்லப்பட்டது என்று கூறுகின்றனர். இளமையிலேயே பெரும்பாலன கொல்லப்பட்டிருந்தால் இறைச்சிக்காகவும், முதுமைவரை விடப்பட்டிருந்தால் கம்பளிக்காகவோ பாலுக்காகவோ உழவுக்காகவோ வளர்க்கப்பட்டன என்று உய்த்துணர்கின்றனர். உரோமர் ஆட்சியில் பிரிட்டனின் மாடுகள் காலஞ்செல்லச் செல்ல உருவத்தில் பெருத்தன என்பதும், படைவீடுகளிலும் நகரங்களிலும் மாட்டிறைச்சி மிகுந்து வழங்க, பழங்குடிச் சிற்றூர்களில் ஆடே மிகுதியாக நின்றது என்பதும் இத்தகைய அளவுகளாலேயே தெரியவந்தன.

நம் நாட்டோடும் இவருக்கு ஒரு தொடர்பு உண்டு. பிட் ரிவர்ஸின் நூல்களைத் தம் வழிகாட்டியாகக் கொண்டவர் மார்ட்டிமர் வீலர். அவர் 1944-ஆம் ஆண்டு இந்தியப் புதைபொருளிலாகாவின் தலைவராக வந்து, 1945-ஆம் ஆண்டு புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்து, உரோம நாட்டு மட்பாண்டங்களின் துணையால் தென்னாட்டுப் பழம்பொருள்களுக்குக் காலவரையறை கண்டார். மண்ணடுக்கை நோக்குதலும், பொருளின் இடத்தையும் ஆழத்தையும் குறித்தலும் ஆகிய ஒழுங்கு இங்ஙனம் க்ரான்போர்ன் சேஸிலிருந்து நம் கடற்கரைக்கு வந்தடைந்தது.

இறுதியாக ஒரு சிறு செய்தி கூறி முடிப்போம். ஓரிடத்தை அகழ்ந்து முடித்து மண்ணை மீண்டும் நிரப்புவதற்கு முன், தம் பெயரும் காலமும் பொறித்த ஒரு சிறு உலோக வில்லையை அக்குழியின் அடியில் வைப்பது சேனாபதியின் வழக்கம். பிற்காலத்தில் அங்கே தோண்டுவோன் அதனைக் கண்டு, இந்நிலம் முன்னரே அகழப்பட்டது, இங்குள்ள மண் கலைந்த மண், இதனைக்கொண்டு ஏமாறலாகாது என்று தெரிந்துகொள்வான். தாம் காணப்போகாத ஒருவனுக்கு, தாம் இறந்தபின் நேரக்கூடிய ஒரு பிழையைத் தவிர்ப்பதற்காக அவர் அக்கவலை எடுத்துக்கொண்டார். சோதனைச் சாலையிலும் நூல்நிலையத்திலும் குறிப்பெழுதும் நம் மாணவர்களும், தாம் கண்டதை உள்ளவாறு எழுதி, நாளும் இடமும் குறித்து, தமக்கு விளங்காததையும் விட்டுவிடாது வைப்பார்களாயின், தமக்குப் பின் அதே மேசைக்கு வந்து அமரும் ஒருவர்க்கு அவர்கள் பேருதவி செய்தவராவர். வகுப்பில் முதலிடம் பெறுவது சிலர்க்கே கைகூடும். இவ்வுதவியைச் செய்வது எல்லார்க்கும் இயலும்.